தொட்டிக்குப் பூட்டு

நான் குடியிருப்போர் சங்கத் தலைவராக இருந்த அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் பல நடை போனவன் நான். கருவாடு, எலும்பு உரம், அழுகிய தக்காளி எல்லாம் ஏற்றியிருக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்துச் சோறு தின்றிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட வயிறு, சேலத்தில் ஒரு நாலு மாடிக் கட்டிடத்தில், வெள்ளைச் சட்டை போட்ட படித்த சனங்கள் மத்தியில் குமட்டியது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மூட்டை தூக்கினேன். லாரியில் கிளீனராக ஏறினேன், டிரைவரானேன். எண்பதுகளின் நடுவில் சொந்தமாக ஏழு லாரி ஓடியது. ஒருத்தன் தயவும் கிடையாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் தெரியாமலே வடக்கே நாக்பூர் வரைக்கும் செக்போஸ்ட் செக்போஸ்டாகப் பேசி வண்டியை நகர்த்தியவன். பிள்ளைகள் படிப்புக்காகச் சேலத்தில் இரண்டாம் மாடியில் ஃப்ளாட் வாங்கினேன். அப்போது அடுக்குமாடி வீடு என்பது அங்கே புதுசு. "ஒருத்தன் தலைக்கு மேல இன்னொருத்தன் கக்கூசா? அதுல போயி குடியிருக்கிறதா?" என்று எங்கள் சனங்கள் சிரித்தார்கள். நான் காதில் வாங்கவில்லை.

குடிபோன ஒரு மாதத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. பதினாறு வீட்டுக்காரர்களும் கீழே கூடி நின்று கட்டியவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் பட்டறை ஆளை வரச்சொல்லி, பொழுது சாய்வதற்குள் ஓட வைத்தேன். அதற்காகவே என்னைத் தலைவராக்கினார்கள். செயலாளர் முதல் மாடிக்காரர், தாலுகா ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் உடனே நோட்டைத் திறப்பார். கமிட்டியில் மூன்றாவது ஆள், மூன்றாம் மாடியில் குடியிருந்த மளிகைக்காரர். செவ்வாய்ப்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருந்தார். வியாபாரி, பக்திமான். தினம் காலையில் குழாய்த் தண்ணீர் பிடித்துச் சாமிக்கு அபிஷேகம் செய்யாமல் காபி குடிக்க மாட்டார்.

தலைவர் வேலை என்றால் என்ன என்று அப்புறம்தான் தெரிந்தது. மேல் வீட்டுக்காரர் துப்பிய வெற்றிலை எச்சில் கீழ் வீட்டுக் கொடிச் சேலையில் விழுந்தது என்று பஞ்சாயத்து. குழந்தையின் பீயைப் பேப்பரில் மடித்து ஜன்னல் வழியாக எறிந்தது யார் என்று பஞ்சாயத்து. சாக்கடைக் குழாயைத் திறந்தால் தலைமுடி, எலும்பு, பழைய துணி. எறிந்தவர் யாரும் இல்லை. எல்லாரும் பட்டதாரிகள். எங்கள் லாரி ஷெட்டில் எண்ணெய் இருக்கும், கிரீஸ் இருக்கும், இந்த அசிங்கம் இருக்காது.

அதையெல்லாம் கூட்டி அள்ளியவள் ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மாடிப்படி கூட்டுவாள், சாக்கடை குத்துவாள். மாதம் ஒருநாள் மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தென்னை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். வேலை அத்தனை சுத்தம். எங்கள் கட்டிடம் போக, அதே தெருவில் ஒரு டாக்டர் வீடு, ஒரு வக்கீல் வீடு இரண்டிலும் கூட்டினாள். அந்த மூன்று இடம்தான் அவள் சோறு.

ஒரு பங்குனி மாத உச்சிவெயிலில், மொட்டை மாடியைக் கூட்டி முடித்தவளுக்கு நாக்கு வறண்டிருக்கிறது. தொட்டி மூடியை நகர்த்தி, தன் சொம்பால் ஒரு சொம்பு மொண்டு குடித்திருக்கிறாள். வடகம் காயப் போட வந்த மளிகைக்காரர் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டார். போட்ட கூச்சலில் நாலு மாடியும் வெளியே வந்தது. மாதாமாதம் அதே தொட்டிக்குள் இரண்டு காலையும் வைத்து நின்று தேய்த்தபோது வராத தீட்டு, ஒரு சொம்பு மொண்டு குடித்தபோது வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. துப்புரவுப் பணியாளர் மொட்டை மாடிக்குச் செல்லக் கூடாது, குடிநீர்த் தொட்டியைத் தொடக் கூடாது, தொட்டி பூட்டி வைக்கப்படும் என்று செயலாளர் அழகான கையெழுத்தில் எழுதினார். இனிமேல் தொட்டி கழுவ எங்கள் கடை ஆளை அனுப்புகிறேன் என்றார் மளிகைக்காரர். நான் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை, எனக்கு அது தப்பென்று படவே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே.

மறுநாள் காலையில் படியடியில் என்னைப் பிடித்தாள்.

"ஏனுங்க சாமி, ஒரு சொம்புத் தண்ணிங்க. ஆத்தையா குடிச்சுப்புட்டேன்?"

"உடு அம்முணி. நாலு நாள் போனா மறந்துருவாங்க."

"நோட்டுல எழுதிப்புட்டாங்களாமே. எழுதுனது எப்படிங்க மறக்கும்?"

தொடப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். தொட்டியில் வாய் வைத்தவள் என்ற பேச்சு தெருவெல்லாம் பரவியது. டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள்.

தொட்டிக்குப் பூட்டு வந்தது. இரும்பு மூடியில் பூட்டு மாட்டுவதற்காகக் கொண்டி ஒன்றைப் பற்றவைத்தார்கள். பற்றவைத்தவன் கோணலாக வைத்துவிட்டான். மூடி ஒரு பக்கம் முக்கால் சாண் தூக்கிக்கொண்டு நின்றது. பூட்டு பத்திரமாக இருந்தது. யாரும் ஏறிப் பார்க்கவில்லை. மளிகைக்காரரின் கடை ஆள் வந்து கழுவுவதாக நாங்கள் நினைத்தோம். சாவியை வாங்கிக்கொண்ட செயலாளரே யாரையோ வைத்துக் கழுவுவதாக மளிகைக்காரர் நினைத்தார். சாவி செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கியது. மாதம் ஐந்து ஓடியது.

ஆவணியில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. என் சம்சாரம் முதலில் சொன்னபோது, "முனிசிபாலிட்டித் தண்ணி அப்படித்தான்" என்றேன். அப்புறம் குழாயில் ஒரு நாள் இறகு வந்தது. நானும் செயலாளரும் மளிகைக்காரரும் மேலே ஏறினோம். பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை, சுத்தியலால் உடைத்தேன். மூடியைத் தூக்கியதும் அடித்த வீச்சத்தில் செயலாளர் அங்கேயே வாந்தி எடுத்தார். மூன்று புறா. வெயிலுக்குத் தண்ணீர் தேடி அந்த இடுக்கில் நுழைந்திருக்கின்றன. ஒன்று இன்னும் புறாவாக இருந்தது. மற்ற இரண்டும் கரைந்து தோலும் இறகுமாக மிதந்தன. சுவரெல்லாம் பச்சைப் பாசி, அதில் வெள்ளையாகப் புழு.

"ஏனுங்ணா, இதுலயா நான் தினமும் அபிஷேகம் பண்ணுனேன்?" என்றார் மளிகைக்காரர். அபிஷேகத்தைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. குடித்ததைப் பற்றி நினைக்கவே அவருக்குப் பயம்.

கடை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, படியில் இறங்கியவன் திரும்பி வரவே இல்லை. வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டோம், அவர்களும் மாட்டோம் என்றார்கள். கடைசியில் நானே அவளைத் தேடிப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரம் வரிசையாக ஓலைக் குடிசை. வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மூணு புறா போட்டு அஞ்சு மாசமா ரசம் வெச்சிருக்கீங்க போங்க. உப்பு, காரமெல்லாம் சரியா இருந்துதுங்களா?"

"சிரிக்காத அம்முணி. வந்து கழுவிக் குடு."

"வாரேனுங்க. எம்பட வேலைதான? ஆனா அந்த எழுத்தை அழிச்சிருங்க சாமி. அழிச்சாச்சுன்னு டாக்டர் ஊட்டுக்கும் வக்கீல் ஊட்டுக்கும் நீங்களே போயிச் சொல்லோணும். தொட்டியைக் கெடுத்தவன்னு பேரு வெச்சுக்கிட்டு நான் எந்த ஊட்டு வாசல்லீங்க போயி நிப்பேன்?"

"இவ்வளவுதான? நான் சொன்னா சொன்னதுதான்" என்று வந்தேன்.

அன்றைக்கே கமிட்டி. கூட நாலைந்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சண்டை போடத் தயாராகப் போனேன். செயலாளர் சண்டைக்கே வரவில்லை. "தாராளமா மாத்திருவோம் தலைவரே. போன தடவை தமிழ்ல எழுதி வம்பாப் போச்சு. இனிமே இங்கிலீஷ்ல இருந்தாத்தான் சட்டப்படி நிக்கும்" என்று எழுத ஆரம்பித்தார். அரைப் பக்கம் எழுதினார். ஒரு வரியை ரத்து செய்ய அரைப் பக்கம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பக்கத்திலேயே பாங்கில் வேலை பார்க்கும் நாலாம் மாடிக்காரர் இருந்தார். "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஏழு லாரிக்காரன், சங்கத் தலைவன், அத்தனை பேர் முன்னால் எப்படிக் கேட்பது? படித்துப் பார்ப்பது போலக் கண்ணை ஓட்டினேன். பெரிசாகக் கையெழுத்துப் போட்டேன். நேராக டாக்டர் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் போய், "அந்தத் தீர்மானத்தை நானே அழிச்சாச்சுங்க, அந்தப் பொம்பளை மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்று மார்தட்டிச் சொன்னேன்.

அவள் வந்தாள். விடியக் காலையில் இறங்கியவள் உச்சிப் பொழுதுக்குத்தான் வெளியே வந்தாள். பிளீச்சிங் பவுடரில் கண் இரண்டும் சிவந்திருந்தது. தொட்டி புதுப் பாத்திரம் மாதிரி இருந்தது. டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

பழையபடி எங்கள் படியும் கூட்டினாள், மாதாமாதம் தொட்டியும் கழுவினாள். நாலாவது தடவை அவள் கழுவி இறங்கிய கொஞ்ச நேரத்தில், தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க நான் மேலே போனேன். மளிகைக்காரர் தொட்டி ஏணியில் நின்றுகொண்டிருந்தார். கையில் பித்தளைச் சொம்பு. முணுமுணுவென்று மந்திரம் சொல்லிக்கொண்டே மஞ்சளாக எதையோ தொட்டிக்குள் ஊற்றினார். வாடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மாட்டோடு பிறந்து வளர்ந்தவன்தானே.

"என்னங்க அது?"

"கோமியமுங்ணா. பயப்படாதீங்க, நாட்டு மாடு, நம்ம கடைக்காரப் பையனோட மாடுதான்."

"எதுக்குங்க குடிக்கிற தண்ணியில?"

"அவ எறங்குனதுக்குச் சுத்தி பண்ணோணுமில்லீங்களா? தீர்மானத்துலயே இருக்குதுங்களே. நீங்கதானுங்ணா கையெழுத்துப் போட்டீங்க!"

இறங்கிப் போய் செயலாளர் வீட்டில் நோட்டை வாங்கினேன், நாலாம் மாடி பாங்க்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் படித்தார். பழைய தீர்மானம் அப்படியே இருக்கும். மாதம் ஒருநாள் கழுவுவதற்கு மட்டும் அவளுக்கு அனுமதி. அவள் சென்றபின் தொட்டி முறைப்படி சுத்தி செய்யப்படும். தண்ணீர் எடுக்கவோ குடிக்கவோ அவளுக்கு அனுமதி இல்லை. ஒரு எழுத்துக்கூட அழியவில்லை, அதற்கு மேலே இன்னும் ஏற்றி வைத்திருந்தார்கள். அடியில் என் கையெழுத்து, மற்ற எல்லார் கையெழுத்தையும்விடப் பெரிசாக.

அவர்கள் மேல் வந்த அருவருப்பு பெரிசா, என் மேல் வந்தது பெரிசா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்களாவது தெரிந்து செய்தார்கள்.

அவள் கீழே கார் நிறுத்தும் இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே கூட்டினாள். கோமியம் என்றதும் நிமிர்ந்தாள்.

"எத்தனை தடவைங்க ஊத்துனாங்க?"

"நாலு."

"நாலு மாசமா எல்லாருமே அதைக் குடிச்சீங்களா? நீங்களுமா சாமி?"

"நானும்தான்."

சிரிக்கப் போனாள், சிரிப்பு வரவில்லை. "அழிச்சாச்சுன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களே. நானும் அங்க நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கேனே."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது அம்முணி." என் வாழ்நாளில் இன்னொருத்தரிடம் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

"எனக்கு எந்த எழுத்துமே தெரியாதுங்க" என்றாள். "நானா இருந்தா யாரையாச்சும் கேட்டிருப்பேன்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். செயலாளர் எழுந்திருக்கக்கூட இல்லை. கார்பன் வைத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். தலைவர் பதவி வேண்டாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் டாக்டர் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் போய், "நான் சொன்னது பொய்யுங்க, அழிக்கலீங்க, எழுதுனது அப்படியேதான் இருக்குது, ஆனா குடிச்சதுல தப்பில்லீங்க" என்று சொன்னேன். வக்கீல் வீட்டில் அன்றைக்கே அவளை நிறுத்தினார்கள். டாக்டர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் கட்டிடத்துக்கு அவள் அப்புறம் கூட்ட வரவே இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்தது ஏழெட்டு மாதம். தினம் காலையில் டாக்டர் வீட்டுக்குப் போக எங்கள் கேட்டைத் தாண்டித்தான் அவள் நடக்க வேண்டும். நான் பால்கனியில் நிற்பேன். அவள் தலையைத் திருப்பவே மாட்டாள்.