நண்டு எண்ணிய கோடை

உயிரியல் படிக்கிறேன் என்றால் எங்கள் கூடுவாஞ்சேரிச் சொந்தங்களுக்கு ஒரே கேள்விதான்: "எந்த ஆஸ்பத்திரி?" மருத்துவ சீட் கிடைக்காமல் விலங்கியலில் சேர்ந்தவள் என்று தெரிந்ததும் துக்கம் விசாரிக்கும் குரலுக்கு மாறிவிடுவார்கள். அப்பா அந்த அளவுக்கு மென்மையானவர் இல்லை. "இந்த லீவுல அந்த ஆராய்ச்சி என்னன்னு நானும் வந்து பாக்குறேன். உருப்படியா இல்லன்னா ஜூன்ல பேங்க் கோச்சிங்" என்று சொல்லிவிட்டார். எனக்கோ எம்.எஸ்சி. போயே ஆக வேண்டும்.

பேராசிரியர் எனக்குக் கொடுத்தது, சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மணலில் வளை தோண்டும் நண்டுகள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வளைகள் குறைகின்றனவா என்று எண்ண வேண்டும். ஏசி அறையிலிருந்து "நிறையத் தண்ணி குடிம்மா" என்று போனில் சொன்னது அவருடைய பங்களிப்பு. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். என் நண்டுகள் எல்லாம் டயட்டில் இருந்தன போல, ஒன்றும் வெளியே வரவில்லை.

எண்ணும் இடம் தெரிய மூங்கில் குச்சிகளுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, நம்பர் எழுதி, வரிசையாக நட்டேன். மறுநாள் ஒன்றுகூட இல்லை. திரும்ப நட்டேன். திரும்பவும் காணோம். பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி எதையும் மறைக்கவில்லை.

"நாங்கதான் புடுங்குனோம். இன்னா கட்டப் போறீங்க? ரிசார்ட்டா?"

"இல்லக்கா, நண்டு வளை எண்ணுறேன்."

சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்லதா சொல்லும்மா."

இந்தக் கரையில் முதலில் குச்சி வரும், பின்னாலேயே சுவர் வரும். அங்கே போய்ச் சிவப்பு பெயிண்ட்டும் நம்பருமாக நின்ற என் அறிவை என்ன சொல்ல! ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்து ஒரு வளைக்கு எதிரே உட்கார வைத்தேன். இருவரும் அசையாமல் காத்திருந்தோம். கடைசியில் ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

"மெய்யாலுமே இத்ததான் எண்றியா? டப்பு எவ்ளோ குடுக்குறானுங்க?"

"குடுக்க மாட்டாங்கக்கா. நாங்கதான் ஃபீஸ் கட்டுறோம்."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்த பார்வையில் என் சொந்தக்காரர்கள் தோற்றுப்போனார்கள். அதன்பிறகு குச்சிகளை யாரும் தொடவில்லை.

மே மாதக் கடைசியில், சொன்னபடியே அப்பா வந்தார். ஷூவோடு மணலில் இறங்கி நேராக என்னை நோக்கி நடந்தார். "இதுக்குத்தான் வெயில்ல காயுறியா?" என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம், கருவாட்டுப் பக்கமிருந்து அக்கா கத்தினாள்.

"அண்ணாத்த, குறுக்க வராத! பொண்ணு எண்ணிகினு கீது. வளைய மெதிச்சிடுவ!"

அப்பா தூக்கிய காலோடு நின்றார். கீழே பார்த்தார். பிறகு தன் கால்தடத்திலேயே கால்வைத்துப் பின்னால் போய், நான் எண்ணி முடிக்கும்வரை வெயிலில் நின்றார்.