செலினா அடைத்த டயர்

செலினாவுக்கு நாற்பத்தாறு வயது. தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பால் வெட்டுகிறாள். மாட்டுப்பால் அல்ல, றப்பர் மரத்துப் பால். விடியும்போதே முந்நூறு மரத்தைக் கீறிச் சிரட்டை வைத்துவிட்டு வருவாள். வடிந்ததை வாளியில் சேர்த்து, பத்து மணிக்கு மேல் ரோட்டைக் கடந்து நிறுவைக் கொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒவ்வொரு வாளிக்கும் உரியவள் சத்தமாகப் பேர் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் வாளி பக்கத்தில் நிற்பவள் பேரில் போய்விடும். புதிதாக வருகிற பெண்கள் இரண்டு தடவை ஏமாந்த பிறகு தொண்டையைத் திறப்பார்கள். செலினாவுக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. அவள் பேர் சொன்னால் பக்கத்து டிவிசனுக்கே கேட்கும்.

போன வருஷம் சர்வதேச சைக்கிளோட்டப் போட்டி ஒன்று எங்கள் ரோட்டால் போனது. ஐந்து நாள் போட்டி. ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைவாக எடுத்தவனுக்கு வெற்றி. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவன் செலினாவின் புருஷன் அலன். அவன் சைக்கிள் மிதித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய கோச் மாதிரிப் பேசினான். பதின்மூன்று நாட்டு அணிகள் வந்திருந்தன. இரண்டு நாள் முடிவில் எங்கள் நாட்டுப் பையன் இசுறு இரண்டாவது இடத்தில் இருந்தான். மூன்றாவது ஆள் இருபது செக்கன்தான் பின்னால்.

"இந்த இருபது செக்கன விட்டுட்டா அவ்வளவுதான். போச்சு," என்று தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான் அலன்.

மூன்றாம் நாள் காலை பொலிஸார் ஒன்பதரைக்கே ரோட்டை மூடிவிட்டார்கள். பெண்கள் வாளியோடு ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். நேரம் போனால் பால் உறைந்து கட்டிவிடும். செலினா பொலிஸையும் போட்டியையும் அலனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாக முதல் கூட்டம் வந்தது. கலர் கலராக, கண்ணைச் சிமிட்டுவதற்குள் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் எங்களுக்கு முன்னால் சறுக்கி நின்றான். முப்பத்தோராம் நம்பர். அலன் பதறிவிட்டான்.

"ஐயையோ, இசுறு!"

பின் டயரில் கல் கிழித்திருந்தது. சுற்றின சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் பால் பீறிட்டது. இந்தக் காலத்துப் போட்டி டயருக்கு உள்ளே டியூப் கிடையாதாம். சின்ன ஓட்டையைத் தானாகவே அடைக்கட்டும் என்று றப்பர்ப் பால் கலந்த ஒன்றை ஊற்றிவைப்பார்களாம். எனக்கு இது பிறகுதான் தெரியும். செலினாவுக்குப் பார்த்த உடனே தெரிந்தது.

"அதுலயும் நம்ம பாலுதான்டி!" என்றாள்.

பையன் கையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியையே பார்த்தான். கீழே வளைவில் நாலைந்து பேர் விழுந்துகிடந்ததால் அவனுடைய அணி வாகனம் அங்கேயே மாட்டிக்கொண்டது. அலன் வாய்விட்டு செக்கன் எண்ணத் தொடங்கினான். ஏழு, எட்டு, ஒன்பது.

செலினா வாளியைக் கீழே வைத்தாள். மரத்தில் வெட்டின கோட்டில் கொஞ்சம் பால் ஒட்டிக் காயும். மறுநாள் உரித்தால் நாடா மாதிரி வரும். அதற்கு ஒட்டுப்பால் என்று பேர். இடுப்பில் கட்டியிருந்த வேலைப் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து விரலால் உருட்டி, பால் வெட்டும் கத்தி முனையால் டயர் ஓட்டைக்குள் திணித்தாள். வெளியே நீண்டதைக் கத்தியால் சீவிவிட்டாள். காற்று பாதி போயிருந்தது. சீறல் நின்றுவிட்டது.

"போ புத்தா, போ!" என்றாள். சிங்களத்தில் புத்தா என்றால் மகன்.

அவன் சக்கரத்தை ஒரு தரம் பார்த்தான், அவளை ஒரு தரம் பார்த்தான், ஏறி மிதித்தான். அலன் பதினெட்டில் எண்ணுவதை நிறுத்தினான். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். ரோட்டில் நின்றுபோன வண்டிக்குக் கை கொடுக்காதவனை எங்கள் பக்கத்தில் மனுஷன் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசி வாகனமும் போன பிறகு ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார். கூடவே ஒரு பொலிஸ்காரர். முப்பத்தோராம் நம்பரின் டயரை அடைத்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

எங்களோடு பால் வெட்டுகிற பிரேமலதா செலினாவின் இடுப்பைக் கிள்ளினாள். "பேசாம இரு."

கொட்டிலில் யாருடையது என்று கேட்டு, பதில் இல்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பது செலினாவுக்கு நன்றாகத் தெரியும். கையைத் தூக்கி, நான்தான் என்று சிங்களத்தில் கத்தினாள்.

"மம தமை! செலினா! மூணாம் டிவிசன்!"

இன்னொரு நாடாவை எடுத்து எப்படித் திணித்தாள் என்று செய்தும் காட்டினாள். அதிகாரி போட்டோ எடுத்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். வாளியில் பால் பாதி கட்டிப்போயிருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"இருபத்தெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒருத்தர் தேடி வந்து கேட்டிருக்காரு," என்று கொட்டில் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாலு மணிக்கு அலன் முகம் செத்து வந்தான்.

"இசுறுவுக்கு ஒரு நிமிஷம் தண்டம் போட்டுட்டாங்க. வெளி ஆளு கை வைக்கக் கூடாதாம். ரெண்டாவதா இருந்தவரு ஏழாவதாப் போயிட்டாரு."

"அடைச்சது கழண்டுருச்சா?"

"இல்ல. கடைசி வரைக்கும் நின்னுச்சாம்."

"பின்ன என்ன?"

"அவரே அடைச்சாரா, வெளி ஆளான்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்திருக்காங்க. நீ பேரு, டிவிசன் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்க."

செலினா அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. "அந்தப் புள்ள சோத்துல மண்ணப் போட்டுட்டேனே," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எங்கள் மேல் அவளுக்குக் கோபம். வாயைப் பொத்தாமல் விட்டது நாங்களாம். கிள்ளினதைப் பிரேமலதா ஞாபகப்படுத்தியும் பிரயோசனம் இல்லை.

நாலாம் நாள் போட்டி இரத்தினபுரியில் தொடங்கியது. செலினா வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் அவிசாவளைக்குப் போய், பஸ் மாறி இரத்தினபுரியில் இறங்கினாள். கூட்டம் நெருக்கியது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

"திஸ்எக்க!" என்று முப்பத்தொன்றைச் சிங்களத்தில் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு வரிசை முழுக்கத் திரும்பியது. இசுறு சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலியருகே வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

பஸ்ஸில் பாடமாக்கி வந்த சிங்களம் பாதி மறந்துபோய்விட்டது. "நான்தான் புத்தா சொன்னேன். அவங்க கேட்டாங்க, சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க," என்றாள் இரண்டு பாஷையிலும் கலந்து.

அவன் குனிந்து பின் டயரைத் தடவிப் பார்த்தான். பிறகு சிங்களத்தில் கேட்டான்.

"அம்மா, அந்த றப்பர் இன்னும் இருக்கா?"

"என்ன?"

"இன்றைக்குப் பலாங்கொடைப் பக்கம் ரோடெல்லாம் கல்லாம். ஒரு துண்டு தந்தால் வைத்துக்கொள்வேன். நானே அடைத்தால் தண்டம் இல்லை."

செலினாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே சேலைக் கொசுவம்தான் இருந்தது. பை லயத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது தன்மேல் வந்த ஆத்திரம் முந்தின நாள்கூட வரவில்லை.

விசில் ஊதினார்கள். அவன் கையை அசைத்துவிட்டு வரிசைக்கு ஓடினான்.

"நாளைக்குக் கொண்டாறேன் புத்தா!" என்று செலினா கத்தினாள்.

நாளைக்குப் போட்டி எந்த ஊரில் என்று அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறியதும் அலனுக்குப் போன் எடுத்து முதலில் அதைத்தான் கேட்டாள்.