ஒச்சம்மாவின் கை

நிக்கோபாரின் கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒச்சம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை. நாடாளுமன்றத் தேர்தல் ஒன்றையும் அவள் விட்டதில்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற சொந்தச் சபையில் அவளுக்கு ஓட்டுக் கிடையாது. வீட்டுக்கு ஒரு கை, அதுவும் ஆண் கை என்பது இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கூடவே கப்பலேறி வந்த வழக்கம். கணவர் தவறிய பிறகு அவள் வீட்டுக்கு அந்த ஒரு கையும் போயிற்று. அது அவளுக்கு ரொம்பவே வலித்தது.

சீர்திருத்த ஞாயிறன்று உபதேசியார் நல்லதம்பி லூதரைப் பற்றி வெளுத்து வாங்கினார். விசுவாசிகள் எல்லாருமே ஆசாரியர்கள், ஆண்டவருக்கும் நமக்கும் நடுவே ஆள் வேண்டாம் என்றார். ஒச்சம்மா எழுந்துவிட்டாள்.

“ஆண்டவர்கிட்ட பேசவே நடுவுல ஆள் வேணாம்னா, சபைக் கமிட்டிக்கு ஓட்டுப் போட மட்டும் எதுக்குங்கய்யா ஆம்பள? டில்லிக்கு ஆள் அனுப்புற ஓட்டு இங்க செல்லாதா?”

நல்லதம்பி பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மூப்பர்களைக் கூப்பிட்டார். கடைசியில், பெண்களுக்கு ஓட்டு உண்டா என்பதைக் குடும்பத் தலைவர்கள் பத்தொன்பது பேரும் இரகசியமாகச் சொல்லட்டும் என்று முடிவானது. வீட்டில் சோறு கிடைக்க வேண்டுமே, அதனால்தான் இரகசியம். ஆளுக்கொரு ரப்பர் கொட்டை; உண்டு என்பதற்கு ஒரு சிரட்டை, இல்லை என்பதற்கு ஒன்று. மூப்பர் ராக்கப்பன் பால் பிடிக்கும் சிரட்டைகளை நேரே மரத்திலிருந்து கழற்றி வந்தார். அடியில் பாதி உறைந்த பால் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை.

கொட்டைகள் விழுந்ததும் நல்லதம்பி ஜெபத்தை ஆரம்பித்தார். ஆமென் சொல்வதற்குள் ஓட்டெல்லாம் ரப்பரோடு சேர்ந்து கட்டியாகிவிட்டது. ராக்கப்பன் இரண்டு கட்டிகளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். ரப்பர் முழ நீளத்துக்கு நீண்டு, பட்டென்று அறுந்து, கொட்டைகள் கோயில் முழுக்கப் பறந்தன. ஒன்று அவர் மனைவி ஜெயமணியின் கொண்டையில் போய் உட்கார்ந்தது. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“அரே, பஸ் கரோ! போதும், நிறுத்துங்க!” என்று கத்தினார் நல்லதம்பி. “பொம்பளைக்கு ஓட்டு உண்டுங்கிறவங்க கையத் தூக்குங்க!”

தோட்டத்தில் தினமும் காலைப் பெரட்டில் வேலைக்கு வந்த ஆளை எண்ணிப் பெயர் எழுதுகிறவரும் அவர்தான். ஆண், பெண் பார்க்காமல் எண்ணிப் பழகிய விரல், சிரிப்போடு உயர்ந்த கைகள் எல்லாவற்றின் மேலும் கடகடவென்று ஓடியது. “நாப்பத்தேழு!” என்று கூவி, மினிட்ஸ் நோட்டில் எழுதியும் விட்டார்.

“குடும்பத் தலைவரே பத்தொம்பது பேர்தானேய்யா?” என்றார் ராக்கப்பன்.

நல்லதம்பியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“எண்ணிட்டீங்க, எழுதிட்டீங்க,” என்றாள் ஒச்சம்மா. “பெரட்டுல எழுதின ஆளை என்னைக்காச்சும் கோடு போட்டு அடிச்சிருக்கீங்களா?”

அடித்ததே இல்லை, அதுதான் அவருடைய பெருமையே. நோட்டை மூடினார்.

“தீர்மானம் பாஸ்.”

ஒச்சம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லாரும் கைதட்ட, அவள் மட்டும் தூக்கிய கையோடு நின்றாள்.

“கையை எறக்குங்கக்கா, எழுதியாச்சு,” என்றார் நல்லதம்பி.

“அம்பது வருஷமா மடியில கெடந்த கைங்கய்யா. கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”