ஒளியின் வேகம் ஒன்று என்று வைத்துக்கொண்டவர்கள்

முதுகலை இயற்பியல் படித்தபோது, எங்கள் துறையில் யார் உசத்தி என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கணிதத் துறைக்காரர்கள் எங்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எங்களுக்குள் தியரி எடுத்தவர்கள், ஆய்வுக்கூடத்தில் கிடப்பவர்களைப் பார்த்துச் சுளிப்பார்கள். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன சீனியர்களைப் பற்றி, செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நான் ஆய்வுக்கூட கோஷ்டி. கதிர்வீச்சை அளக்கும் கருவிகளோடு எனக்கு அப்படி ஒரு ஒட்டுதல்.

தியரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கணக்கை ஆரம்பிக்கும்போதே கரும்பலகையில் 'ஒளியின் வேகம் ஒன்று' என்று எழுதிவிடுவார்கள். அதன்பிறகு மீட்டர், நொடி என்று எந்த அலகின் தொல்லையும் கிடையாது. சமன்பாடு இளைத்து அழகாகிவிடும். தப்பில்லை, உலகம் முழுக்க அப்படிச் செய்கிறார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் அது ஒரு அந்தஸ்தாகிப்போனது. விடைக்குப் பக்கத்தில் ஜூல் என்று ஆற்றலின் அலகை எழுதினால் நீ பள்ளிக்கூடப் பிள்ளை. நான் வரிக்கு வரி அலகு எழுதுவேன். அதனால் எனக்கு 'யூனிட் அக்கா' என்று பட்டப்பேர். வைத்தவன் வகுப்பிலேயே முதல் மாணவன். அவன் அப்பா கடற்கரையோர அணு ஆராய்ச்சி வளாகத்தில் விஞ்ஞானி. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவன். கெட்டவன் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ரியல் ஃபிசிக்ஸ் பண்றவங்களுக்கு லேப்ல என்ன வேலை?" என்பான்.

பட்டப்பேர் எனக்கு உறைக்கவில்லை. இந்த 'ரியல் ஃபிசிக்ஸ்'தான் உறைத்தது. ஏதோ இயற்பியலுக்கே அவர்கள் பேரில் பட்டா போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி!

படிப்பு முடியும்போது என் கையில் நாவலூர் வேலை ஒன்று இருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அதே அணு ஆராய்ச்சி வளாகத்தில் பயிற்சி விஞ்ஞானி பணிக்கு நேர்முகத் தேர்வு. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். நாவலூரில் சேர்ந்தால் இரண்டு வருடத்துக்கு விலக முடியாது என்று ஒப்பந்தம். ஆகவே ஒன்றை நம்பி மற்றொன்றை விட்டாக வேண்டும். கருங்குழியில் எங்கள் வீட்டில் அது ஒரு கேள்வியாகவே இல்லை. அப்பா மினி லாரி ஓட்டுகிறார். கையில் இருக்கும் வேலைதான் அவருக்கு வேலை.

நேர்முகத் தேர்வுக்கு எனக்குப் பட்டப்பேர் வைத்தவனும் வந்திருந்தான். எனக்கு முன்னால் உள்ளே போனவன், காது சிவக்க வெளியே வந்தான்.

"ஒரு கிராம் பொருள் முழுசா ஆற்றலா மாறினா எவ்வளவு கிடைக்கும்னு கேட்டாங்க" என்றான்.

"ஈஸியாச்சே. என்ன சொன்ன?"

"ஒரு கிராம்."

நிறையை ஒளியின் வேகத்தால் இருமுறை பெருக்கினால் வருவது ஆற்றல். அந்த வேகம் ஒன்று என்றால் ஆற்றலும் நிறையும் ஒன்றேதான். அவன் கணக்குப்படி அது சரியான விடை. "'அதை வெச்சு எத்தனை வீட்டுக்குக் கரண்ட் குடுப்பீங்க தம்பி'ன்னு ஒருத்தர் கேட்டார். அப்புறம் ஒண்ணுமே ஓடல" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவும் இல்லை. பாவம், அவனும் சிரித்துவிட்டான். இப்போது வடக்கே ஒரு நிறுவனத்தில் தியரியில்தான் ஆராய்ச்சி செய்கிறான், நன்றாகவே செய்கிறான்.

உள்ளே போனதும் ஒருவர், அந்தக் கரண்ட் கேள்வி கேட்டவராகத்தான் இருக்க வேண்டும், என்னிடம், "உங்க வகுப்புல யாருக்கும் யூனிட் எழுதத் தெரியாதா?" என்றார். இரண்டு வருடக் கடுப்பைத் தீர்த்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம். ஆனால் வெளியாளிடம் அவனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"தெரியும் சார். அவர் மனசுல வெச்சிருப்பார், நான் பேப்பர்ல வெச்சிருப்பேன்."

சிரித்தார்கள். பிறகு கருவிகளைப் பற்றிக் கேட்டார்கள். கதிரியக்கப் பொருள் எதுவுமே இல்லாத அறையில் கருவி எண்ணிக்கை காட்டினால் என்ன செய்வாய் என்றார் ஒருவர்.

"காட்டலன்னாதான் சார் கருவிய சந்தேகப்படணும். மண்ணு, கல்லுன்னு எல்லாத்துலேர்ந்தும் இயற்கையாவே கொஞ்சம் கதிர்வீச்சு வந்துட்டேதான் இருக்கும். மாமல்லபுரத்துப் பாறைகிட்ட கொண்டுபோனா இன்னும் கூடவே காட்டும்."

ஏன், எவ்வளவு கூடும், எப்படிச் சரிபார்ப்பாய் என்று பேச்சு வளர்ந்தது. நான் ஒரு இடத்தில் அவர்களை மறுத்தேன். அவர்கள் என்னை இரண்டு இடத்தில் மறுத்தார்கள். வேலை கிடைக்குமா என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பிய பஸ்ஸில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டு வாசலில் அப்பா லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஆச்சா?"

"நல்லா பண்ணேன் நைனா. ரிசல்ட்டு வர நாளாவும்."

"செரி. திங்கக்கெழம நாவலூரு போணுமே, துணிலாம் எடுத்து வெச்சிட்டியா?"

"நாவலூரு போல நைனா."

அப்பா குழாயை மூடினார். "கையில கீற வேலைய வுட்டுட்டா? இன்னாத்துக்கு?"

"ஃபிசிக்ஸு என்னோடது நைனா. அத வுட்டு எங்கியும் போமாட்டேன்."

பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூட நான் இப்படிச் சொன்னதில்லை. அங்கே சொல்ல யாரோ அனுமதி தர வேண்டும் போலிருக்கும். வாசல் ஈரத்தில் நின்று, இயற்பியல் படிக்காத ஒரு மனிதரிடம் சொன்னபோது யாரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை.

அப்பா என்னையே பார்த்தார். அடம் பிடிக்கிறேனா, தெரிந்துதான் பேசுகிறேனா என்று பார்த்திருப்பார்.

"அப்ப அவுங்களுக்கு இப்பவே போன் போட்டு சொல்லிடு" என்றார். "அந்த எடத்துக்கு வேற யார்னா புள்ள காத்துகினு இருக்கும்."

நின்ற இடத்திலேயே போன் போட்டுச் சொன்னேன். வளாகத்தின் பணி ஆணை வர அதன்பிறகு ரொம்ப நாள் ஆனது.