வெளிச்சம் பார்க்க நின்றவர்

ஜார்ஜ்டவுனில் நவோமியின் கேமராவுக்கு முன்னால் நிற்காத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. மாப்பிள்ளை நின்றிருக்கிறான், மணப்பெண் நின்றிருக்கிறாள், காது குத்திய குழந்தை அழுதுகொண்டே நின்றிருக்கிறது, சீனத்து ஆச்சி ஒருத்தியின் பூனை பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. சரி, இது கொஞ்சம் கூடத்தான். பூனை நிற்கவில்லை, படுத்திருந்தது. கேட்கிறவர்கள் அவரவர் வசதிப்படி கால்வாசியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பச்சைத் தொப்பிக்காரர் விஷயத்தில் மட்டும் ஒரு குன்றிமணிகூடக் கழிக்கக் கூடாது. அதில் நான் கையே வைக்கவில்லை.

நவோமி கடலுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் சூசையின் இளைய மகள். கணக்குப் படித்தாள், ஒரு வருடம் கணக்கு எழுதினாள், பிறகு ஒருநாள் பழைய கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இனிமேல் எந்தக் கடையையும் சேராத தனி போட்டோகிராபர் என்று வீட்டில் அறிவித்தாள்.

"எந்தக் கடையிலயும் வேலை இல்லாதவங்களுக்கு இப்ப அப்படித்தான் பேரு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள் அவள் அம்மா சவுந்தரம்.

அம்மா கேட்டதோடு நிற்கவில்லை. பிறை ஊரில் மின்சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் மகளுக்கு இடம் பிடித்துவிட்டாள். மாதம் பிறந்ததும் சேர வேண்டும். நீலச் சீருடை தேய்க்கப்பட்டு, நவோமியின் அறைக் கதவிலேயே தொங்கியது. காலையில் கண் விழித்தால் அதில்தான் விழிக்க வேண்டும். தலையில்லாத ஆள் ஒருவர் வாசலில் வந்து நிற்பதுபோல அது காற்றில் கையை ஆட்டும்.

அந்தச் சீருடையிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே நடக்கும் கல்யாணம், விருந்து, கூட்டம் எல்லாவற்றுக்கும் வருடம் முழுக்கப் படம் எடுக்க ஆள் தேவை. மேனேஜர் டேரன் கண்டிப்பானவர் என்று பெயர். "விதவிதமா எடுத்த படமா ஒரு ஆல்பம் கொண்டு வாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் பேச்சு" என்று சொல்லியிருந்தார்.

விதவிதமாக எடுக்க முதலில் விதவிதமாக அழைப்பு வர வேண்டுமே! நவோமி தினம் மோட்டார் சைக்கிளைப் பெரிப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரை போனாள். கூலி குறைவாகக் கேட்டாள், சில இடங்களில் கேட்கவே இல்லை. அப்படிக் கிடைத்த முதல் வேலைதான் டத்தோ கிராமாட் பக்கம் நடந்த புவனேஸ்வரன் கல்யாணம்.

மண்டபத்தில் கூட்டம் சேரும் முன் வெளிச்சம் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரர் பிச்சைமுத்து முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர். தலையில் பச்சை நிற வெயில் தொப்பி, மண்டபத்துக்குள்ளும் கழற்றவில்லை.

"அங்கிள், கொஞ்சம் மேடையில நில்லுங்களேன். வெளிச்சம் பார்க்கணும்."

அவர் நின்றார். வெளிச்சம் பிரமாதமாக விழுந்தது. வேலை முடிந்து அவள் பையைக் கட்டும்போது வந்து, "அடுத்து எங்கம்மா வேலை?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை ஆயர் ஈத்தாம்ல ஒரு காதுகுத்து அங்கிள். வாங்களேன்."

நம்மில் யார்தான் சொல்லமாட்டோம்? சாப்பிடுகிறவன் எதிரே வந்தவனைச் சாப்பிட வாங்க என்கிறான். வந்தவனும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். இரண்டு பக்கமும் மரியாதை மிச்சம், சோறும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் குழந்தை வீறிட்டது. தாய்மாமன் மடியைப் பிடித்துக்கொண்டு தவித்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தாய்மாமனுக்குப் பக்கத்தில் பச்சைத் தொப்பி. முகத்தில் நல்ல வெளிச்சம்.

நவோமி குழந்தையின் அப்பாவிடம் மெல்லக் கேட்டாள். "அண்ணே, அந்தத் தொப்பி போட்ட அங்கிள் உங்க சொந்தமா?"

"இல்லம்மா, என் பொண்டாட்டி சைடு. கேட்டுகீட்டு வெச்சிடாத. அப்புறம் மரியாதை இல்லேன்னு ஆறு மாசம் பேச மாட்டாங்க."

மனைவியிடம் கேட்டதற்கு அவள் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு சைடு பெரியவரு லா. ஏற்கனவே எங்க மேல கோவம். தட்டு நிறைய வெச்சுக் குடுத்திருக்கேன்."

கிளம்பும்போது பிச்சைமுத்து வந்தார். "அடுத்து எங்கம்மா?"

நவோமி உதட்டைக் கடித்தாள். ஆனால் சவுந்தரம் வளர்த்த வாய், பல்லுக்குக் கட்டுப்படுமா? "எங்க கோயில்ல ஞானஸ்நானம் அங்கிள். வாங்க."

ஞானஸ்நானத்துக்கும் வந்தார். ஞானத்தகப்பனுக்குக் கை வலித்தபோது மெழுகுவத்தியை இவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார். திருநீறு பூசிய நெற்றியோடு, எரிகிற மெழுகுவத்தியோடு, படத்தின் நட்டநடுவில் நின்றார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் நவோமி கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து எடுத்தாள். லட்சம் தலைக்கு நடுவே ஒரு தலை எங்கே அகப்படப்போகிறது என்று நினைத்தாள். காவடி எடுத்தவர் கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் பச்சைத் தொப்பி கண்ணைத் திறந்து நவோமியை நினைத்துக்கொண்டிருந்தது.

இவர் பந்திக்கு அலையும் ஆள் என்று நவோமி முடிவுகட்டினாள். ஆனால் பெரியவரைப் பார்த்து, நீங்கள் யார், ஏன் வந்தீர்கள் என்று கேட்பதாவது! வாசலில் வந்து நிற்கிற தலையில்லாத சீருடையைக்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த டேரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மிஸ் நவோமி, நான் விதவிதமா கேட்டேன். நீங்க ஒரே குடும்பத்துப் படத்தைக் கொண்டுவந்திருக்கீங்க."

"இல்ல சார், இது அஞ்சாறு குடும்பம்."

"அப்ப இவரு? கல்யாணத்துல நிக்கிறாரு, சர்ச்சுல மெழுகுவத்தி பிடிக்கிறாரு, காவடிக்கும் பக்கத்துல நிக்கிறாரு. காசு குடுத்து ஆள் வெச்சு எடுத்தீங்களா?"

நவோமிக்குக் காது சிவந்தது.

"புதன்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். இவரு இல்லாத படம் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. முடியலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

வீட்டில் சீருடை கையை ஆட்டி வரவேற்றது.

மனிதரை எடுத்தால்தானே மனிதர் வருவார்? நவோமி, ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்த சீனத்து ஆச்சியின் பூனையை எடுக்கப் போனாள். கதவைத் திறந்தால், ஆச்சி கொடுத்த தேநீரைக் குடித்தபடி பிச்சைமுத்து உட்கார்ந்திருந்தார். தைப்பூசத்தன்று இந்தப் பூனைக்கும் அவரை வாங்க என்று அழைத்தது அவள் வாய்தான். எடுத்த அத்தனை படத்திலும் பூனையின் தலைமேல் அவருடைய கை இருந்தது. கையை எடுத்தால் பூனை எழுந்து போய்விடும்.

"அடுத்து எங்கம்மா?"

சொல்லக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டே நவோமி சொன்னாள். "சித்தி ஹாஜரா அக்கா நாசி கண்டார் சோத்துக் கடையில, தட்டு ஒண்ணு எடுக்கணும் அங்கிள். அது முடிஞ்சா புதன்கிழமை ஹோட்டலுக்கு. வாங்க, வந்துடுங்க." ஒன்றைக் கேட்டால் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்த தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள்.

சித்தி என்பது உறவுமுறை இல்லை, ஹாஜராவின் பெயரிலேயே பாதி. அவள் கடைக்குள் நுழைந்ததும் நவோமி மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். இரண்டு கல்லூரிப் பையன்கள், மூலையில் துணிப்பையோடு ஓர் அம்மாள். தொப்பி இல்லை.

"என்ன தேடுற, பூனையா?" என்றாள் சித்தி ஹாஜரா.

"தொப்பி அக்கா."

"பகல்லயே வெயில் தலைக்கேறிடுச்சு இதுக்கு."

தட்டில் வெள்ளைச் சோறு, மேலே மீன்தலைக் கறி, வெண்டைக்காய், ஓரத்தில் துடைத்துப் பளபளவென்று வைத்த பெரிய குழம்புக் கரண்டி. நவோமி உட்கார்ந்து எடுத்தாள், நின்று எடுத்தாள், நாற்காலிமேல் ஏறி எடுத்தாள். சோறு ஆறிப்போகும்வரை எடுத்தாள். ஒரு தட்டில் சொந்தக்காரர் நிற்க இடம் ஏது? பாட்டுப் பாடிக்கொண்டே பெரி ஏறி வீடு திரும்பினாள். கதவில் தொங்கிய சீருடையை மடித்து அலமாரிக்குள் வைத்தாள்.

புதன்கிழமை டேரன் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார். முகம் மலர்ந்தது. விரலால் இழுத்து மீனைப் பெரிதாக்கினார், வெண்டைக்காயைப் பெரிதாக்கினார், கரண்டியைப் பெரிதாக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

கரண்டிக் குழியில், தலைகீழாக, பச்சைத் தொப்பி.

நவோமி கண்ணை மூடிக்கொண்டாள். அலமாரிக்குள் சீருடை மடிப்புக் கலைந்து எழுவது அவளுக்கு இங்கேயே கேட்டது.

"யாரு இவரு?" டேரன் குரல் உயர்ந்தது. "இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். எங்க இருப்பாரு?"

"வெளியில இருப்பாரு சார்" என்றாள் நவோமி அழுகிற குரலில். "வாங்கன்னு சொல்லியிருந்தேன்."

கதவைத் திறந்தால், சன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும் இடமாகப் பார்த்து பிச்சைமுத்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தார். நவோமிக்கு இனி இழக்க ஒன்றும் இல்லை. வாழ்நாளில் முதன்முறையாகப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக் கேட்டேவிட்டாள்.

"அங்கிள், நான் போற இடத்துக்கெல்லாம் நீங்க ஏன் வர்றீங்க?"

பிச்சைமுத்து அவளை வினோதமாகப் பார்த்தார். "நீதானேம்மா வாங்க வாங்கன்னு ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டே? ஒரு பொம்பளைப் பிள்ளை வாய் திறந்து கூப்பிட்டு எப்படிம்மா வராம இருக்கிறது? முட்டி வலியோட மலை ஏறி வந்தேன். வீட்டுல தினம் சண்டை."

"அதுக்காக ஏன் எல்லாப் படத்திலயும் நிக்கிறீங்க?"

"முதல் நாள் நீதான் வெளிச்சம் பார்க்கணும், நில்லுங்கன்னு சொன்னே. போதும், உக்காருங்கன்னு இதுவரைக்கும் நீ சொல்லவே இல்லியே! வெளிச்சம் எங்க விழுதுன்னு பார்த்துப் பார்த்து, கால் கடுக்க நின்னுக்கிட்டிருக்கேன்."

டேரன் ஆல்பத்தை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். உண்மைதான். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளைமேல் நிழல் விழுந்தாலும் விழும், பச்சைத் தொப்பிமேல் விழவில்லை. பிறகு கரண்டிப் படத்துக்குத் திரும்பினார். தலையைக் கவிழ்த்துப் பார்த்தார். போதாமல், சுவரில் மாட்டியிருந்த திரையைத் திருப்ப முடியாதென்று, நாற்காலியில் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தார். மேனேஜர் செய்கிற காரியமா அது! ஆனால் செய்தார்.

"அடேயப்பா!" என்றார் தலைகீழாகவே. "இந்த முகத்துல இருக்கிற பசியைப் பாருங்க. இப்பவே எனக்குச் சாப்பிடணும்போல இருக்கு. எங்க விருந்து மண்டபத்துச் சுவர்ல மாட்ட இப்படி ஒரு படத்தைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இந்த மாதிரி பசியைக் காசு குடுத்து நடிக்கவைக்க முடியாது."

பிச்சைமுத்து படத்தை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நவோமியின் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் தலைகீழாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

வேலை நவோமிக்கே. ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் பச்சைத் தொப்பி எந்தப் படத்திலும் வரக் கூடாது. நவோமி பிச்சைமுத்துவின் கையைப் பிடித்து, "போதும் அங்கிள், உக்காருங்க" என்றாள். அவர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். கல்யாண நாளிலிருந்து தேங்கி நின்ற மூச்சு அது. விடைபெறும்போது டேரன் வாசல்வரை வந்தார். அவரும் நல்ல தாய் வளர்த்த பிள்ளைதான். "ரொம்ப நன்றி அங்கிள். சனிக்கிழமை இங்க ஒரு கல்யாணம். வாங்க, கண்டிப்பா வந்துடணும்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இந்த இடம்வரை நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது, எதிரே முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த பிச்சைமுத்துவின் மனைவி தனலெட்சுமி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எல்லாம் சரி. கரண்டிக்குள்ள இருந்தது இவரு இல்ல. அன்னைக்கு இவருக்குக் காய்ச்சல். கூப்பிட்ட பிள்ளைக்கு வீட்டுலேர்ந்து ஒருத்தராவது போகணும்னு என்னை அனுப்பிவெச்சாரு. துணிப்பையோட மூலையில உக்காந்திருந்தது நான்தான். வெயிலு மூஞ்சியில அடிச்சுது, பையில கிடந்த இவரு தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டேன். அந்தப் பொண்ணு நாற்காலிமேல ஏறுது, எறங்குது, ஒரு வாய் சாப்பிடுங்கன்னு சொல்லலையே! ஹோட்டல் சுவத்துல தொங்குறது என் பசி. இவரு மூஞ்சியில பசி எங்கேர்ந்து வரும்? நான் வீட்டுல ஆக்கிப் போடறதில்லையா?"