தீவுக்குப் போக வேண்டிய சாமி

அடுத்த மாதம் நியூசிலாந்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஒரு நாள் படகில் தீவுக்கு அழைத்துப்போய், திராட்சைத் தோட்டம் தோட்டமாக மீனும் வைனும் ருசி பார்க்க வைக்கும் டூரில் எங்கள் இருவர் பெயரையும் அவன் பதிந்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் ஒரு மாதமாகத் திராட்சை ஜூஸை ஊற்றி, வைன் கிளாஸைப் பிடித்துப் பழகினார்.

இன்று கார்த்திகை ஒன்று. காலையில் பெரிய கோவிலுக்குப் போனவர், கருப்பு வேட்டியும் கழுத்தில் ஐயப்ப மாலையுமாக வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினார்.

"என்னங்க இது? அப்ப தீவு?"

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் போட்டுட்டாங்க. வருஷா வருஷம் போடறது, நான் மட்டும் எப்படி விடறது? மகர விளக்கு வரைக்கும்தான்."

"அது வரைக்கும் மீனும் கிடையாது, வைனும் கிடையாது. தெரியுமில்ல?"

"நானும் வரேன். அந்த கைடுகிட்ட எனக்கு மட்டும் தயிர் சாதம் கிடைக்குமானு கேட்டுப் பாரு."

வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து மாமியார், "மாலை போட்டவர திட்டாதம்மா. இப்ப அவரு சாமி" என்றார்.

ஹாலுக்கும் கிச்சனுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். கைடுக்கு எழுத ஆரம்பித்து மூன்று தடவை அழித்துவிட்டேன்.

வீட்டில் சாமி இருக்கிறவர்கள் சொல்லுங்கள். மகர விளக்கு வரைக்கும் இந்தக் கோபத்தை எங்கே வைப்பது?