தொண்ணூற்றொரு வீதம்

ஊர்காவற்றுறையில் யாகப்பு அண்ணை யார் சொல்லையும் நம்பாதவர் என்று பெயரெடுத்தவர். மழை வருமென்று வானொலி சொன்னால் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். வள்ளத்துப் பற்றறியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கடலில் வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸும் வள்ளத்து விளக்கும் அதில்தான் ஓடும். அதனால் என்னிடம் வந்தார்.

"நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே, நிருபன். பற்றறியை நம்பராக் காட்டுற மாதிரி ஒண்டு செய்து தாரும்."

வெயிலிலும் தெரியட்டும் என்று மின்தாள் திரை வைத்துச் சின்னப் பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். மணிக்கொரு தரம் பற்றறியை அளந்து நூற்றுக்கு எத்தனை வீதம் மிச்சமென்று எழுதும். வள்ளத்தில் பூட்டிய அன்று தொண்ணூற்றொன்று காட்டியது.

வள்ளத்தில் புதிதாக எது ஏறினாலும் மந்திரிக்காமல் அண்ணை கடலில் இறக்க மாட்டார். பங்குச் சுவாமியார் வந்து செபம் சொல்லி, வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் தீர்த்தம் தெளித்தார். "அந்தப் பெட்டிக்கும் கொஞ்சம், சுவாமி" என்று அண்ணை மூடியைத் திறந்து பிடித்தார். கொஞ்சமில்லை, தாராளமாகவே விழுந்தது.

பெட்டி அன்றே செத்துவிட்டது, ஒருவருக்கும் தெரியாமல். மற்றத் திரையென்றால் இருண்டுபோகும். மின்தாளோ மின்சாரம் போனாலும் கடைசியாக எழுதியதை அப்படியே வைத்திருக்கும். இதை அவருக்குச் சொல்லாமல் விட்ட மடையன் நான்தான்.

மூன்று கிழமையாகத் தொண்ணூற்றொன்று அசையவில்லை. எல்லாம் மந்திரிப்பின் பலன் என்று அண்ணை துறையெல்லாம் சொல்லித் திரிந்தார். சார்ஜ் போடுவதையும் விட்டுவிட்டார். அந்தக் கதை என் காதுக்கும் வந்தது. என்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்து நானும் போய்ப் பார்க்கவில்லை. வள்ளத்து விளக்கு மங்குகிறது என்று அவர் மனைவி மரியநாயகி அக்கா மட்டும் நாலு தரம் சொன்னார்.

"பெட்டியில எழுதிக் கிடக்கு. உனக்கென்ன தெரியும்?" என்றுவிட்டுப் போனார் அண்ணை.

ஒரு விடியற்காலை கடலைப் பனிப்புகார் மூடியது. கரை தெரியாத இடத்தில் ஜிபிஎஸ் அணைந்தது. பெட்டி தொண்ணூற்றொன்று என்றது. போனவர் மத்தியானமாகியும் வரவில்லை. அக்கா செபமாலையோடு துறையில் நின்றார். கிட்டப் போகப் பயந்து நான் தள்ளி நின்றேன். அந்த மனிசனுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் ஊரில் இருந்திருக்க மாட்டேன். திசை தெரியாமல் ஓடி எண்ணெய் முடிந்து நெடுந்தீவுப் பக்கம் மிதந்தவரைப் பின்னேரம் வேறொரு வள்ளம் கட்டியிழுத்து வந்தது.

ஆளைக் கண்டதும் அக்கா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நல்லாய் வாங்கிக் கட்டப்போகிறேன் என்று தலையைக் குனிந்தேன்.

"தம்பி, அந்தப் பெட்டி இன்னொண்டு செய்யேலுமோ?"

"ஏனக்கா?"

"முப்பது வருசமா இந்த மனிசனுக்கு வாயால சொல்லிப் பாத்திட்டன். இனி எழுதிக் காட்டிப் பாப்பம்."